உங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பேனா வேண்டாம். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது மனசுக்குள்ளேயே எழுதிவிடலாம்.

முதல் கேள்வி: உங்கள் அப்பா பெயர் என்ன? (சிரிக்காதீர்கள். முழு மார்க் வாங்க இதுதான் கடைசி சான்ஸ்.) இரண்டாவது: தாத்தா பெயர்? மூன்றாவது: தாத்தாவுடைய அப்பா பெயர்? நான்காவது: தாத்தாவுடைய அம்மா பெயர்?

இந்தப் பரீட்சையை எங்கள் ஆபீஸில் பதினோரு பேருக்கு வைத்தேன். மூன்றாவது கேள்வியில் ஏழு பேர் அவுட். நான்காவதில் மிச்ச நாலு பேரும் காலி. அந்த நாலு பேரில் ஒருத்தர், 1983 உலகக் கோப்பை ஃபைனலில் ஆடிய பதினோரு பேரையும் பாட்டிங் வரிசைப்படி தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியவர். தன் தாத்தாவைப் பெற்ற மகராசி பெயர் கேட்டால், "அது வந்து... எங்க ஊர்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்கிறார்.

எனக்கு இந்தப் பரீட்சைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம், அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலங்காத்தால போன்.

"மாமா, எங்கூட வேல பாக்கறவன் ஒருத்தன் அவனோட வம்சத்தை 1850 வரைக்கும் எடுத்துட்டானுங்க. எல்லாம் சென்சஸ்லயே இருக்குதாமா. நம்ம தாராபுரத்து சென்சஸையும் கொஞ்சம் எடுத்து அனுப்புங்க. நானே கம்ப்யூட்டர்ல ஏத்திக்கறேன்."

என்னவோ தாராபுரம் சந்தையில் கத்திரிக்காய் வாங்கி அனுப்பச் சொல்கிற மாதிரி!

*

பையன் சொன்னதில் தப்பில்லை. அங்கே நிஜமாகவே அப்படித்தான். அமெரிக்காவில் 1790-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தலை எண்ணுகிறார்கள். முதலில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதினார்கள். 1850-லிருந்து வீட்டில் உள்ள எல்லார் பெயரும். எழுதிய தாளைப் பத்திரமாகப் பூட்டி வைத்து, 72 வருஷம் கழித்து ஊருக்கே திறந்து காட்டுகிறார்கள். 1950-ல் எடுத்த கணக்கு 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளியே வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் இன்னும் நிதானம், நூறு வருஷம். 1921 கணக்கை 2022 ஜனவரியில்தான் கண்ணில் காட்டினார்கள்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் 1890 சென்சஸ் தாள்களில் பெரும்பகுதி 1921-ல் நடந்த தீ விபத்தில் நாசம். இங்கிலாந்தின் 1931 சென்சஸ் மொத்தமும் 1942-ல் எரிந்து சாம்பல். 1941-ல் யுத்தம் என்பதால் கணக்கே எடுக்கவில்லை. ஆக அந்த ஊர் ஆசாமிக்கு 1921-க்கும் 1951-க்கும் நடுவில் முப்பது வருஷம் ஓட்டை.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. 1850, 1860 இரண்டு சென்சஸிலும் அமெரிக்கக் கறுப்பின அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. எஜமானர் பெயரைப் போட்டு, அதன் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். ஏதோ பட்டியில் மாடு கணக்கெடுத்த மாதிரி. அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870 கணக்கில்தான் அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் முறையாகப் பெயர் வருகிறது. இன்றைக்கு அவர்கள் வாரிசுகள் வம்சம் தேடிக்கொண்டு போனால் 1870-ல் போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்.

நிற்க. நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

*

நம் நாட்டிலும் சென்சஸ் ஒன்றும் நேற்று வந்ததல்ல. சென்னை ராஜதானியில் 1871-ல் பெரிய அளவில் தலை எண்ணினார்கள். நாடு முழுக்க ஒரே சமயத்தில் எண்ணியது 1881 பிப்ரவரி 17-ஆம் தேதி ராத்திரி. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, 2011 வரைக்கும் தவறவில்லை. அப்படியானால் 1881 பிப்ரவரியில் தாராபுரம் தாலுகாவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த என் எள்ளுத்தாத்தா பெயரை யாரோ ஒரு கணக்குப்பிள்ளை எழுதித்தானே இருப்பார்? அந்தத் தாள் எங்கே?

இல்லை சார். அழித்துவிட்டார்கள்.

இதில் சதி ஒன்றும் கிடையாது. நம் சென்சஸ்காரர்களுக்கு வேண்டியது தொகை. எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை நெசவாளி, எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். 1901-லிருந்து ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு போட்டார்கள். மதத்துக்கு ஒரு கலர் சீட்டு. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்பதற்கு ஒரு அடையாளம். எல்லாச் சீட்டையும் தபால் ஆபீஸ் மாதிரி தனித்தனி மாடக்குழியில் பிரித்துப் போட்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்தால் சீட்டின் வேலை தீர்ந்தது. லட்சக்கணக்கான ஊர்த் தாள்களை வைக்க இடமும் இல்லை, வைக்கவேண்டிய அவசியமும் யாருக்கும் தெரியவில்லை. என் எள்ளுத்தாத்தா எந்தச் சந்தையில் எந்தப் பொரிகடலைக்குப் பொட்டலமானாரோ!

சுதந்திரம் வந்த பிறகு 1948-ல் சென்சஸ் சட்டம் போட்டார்கள். அதில் 15-ஆவது பிரிவு, தனி ஆள் சொன்ன விவரத்தை யாரும் பார்க்கக் கேட்க உரிமை இல்லை என்கிறது. கோர்ட்டில் சாட்சியமாகவும் ஏற்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நாம் சொல்வது இன்கம்டாக்ஸ்காரர் காதுக்கோ, பங்காளி காதுக்கோ போகும் என்றால் யார் உண்மையைச் சொல்வார்கள்?

இருந்திருந்தாலும் எவ்வளவு உபயோகம் என்பது வேறு விஷயம். அந்தக் கால சென்சஸ் விதிகளில் ஒன்று: வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல ஆண்கள் கூச்சப்பட்டால் வற்புறுத்த வேண்டாம், "பெண்" என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம். தீர்ந்தது! என் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போனால், "பெண், வயது 30" என்று இருந்திருக்கும். அந்த 30-ம் நிச்சயமில்லை. வயசு கேட்டால் எல்லாரும் முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழுசாகவே சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையைப் புரட்டினால் 40 வயசுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள், 41 வயசுக்காரர் ரொம்பக் கொஞ்சம்.

எங்கள் ஊரில், பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் இருந்த விராடபுரம் தாராபுரம்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வருஷம் சென்சஸ் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பீமன்: தொழில், சமையல். அர்ஜுனன்: டான்ஸ் டீச்சர், ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் குழப்பம். நகுலன்: குதிரை லாயம். திரௌபதி: தலை வாரிவிடும் வேலை. எல்லாம் பொய்ப் பெயர். அதை நம்பி வம்சாவளி போட்டால் மகாபாரதமே அம்பேல்.

*

சரி, பெயர் இல்லாத அந்தப் பழைய சென்சஸால் பிரயோசனமே இல்லையா என்றால், இருக்கிறது. எழும்பூரில் 1909-லிருந்து இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பழைய சென்சஸ் அறிக்கைகளைப் பார்க்கலாம். அங்கே ஒரு எண் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

1871-ல் கோயமுத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 17 லட்சத்து 63 ஆயிரம். பத்து வருஷம் கழித்து 1881-ல், சுமார் 16 லட்சத்து 57 ஆயிரம். கூடவேண்டிய கணக்கு, ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது.

நடுவில் வந்தது 1876 முதல் 1878 வரை அடித்த பஞ்சம். நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதேதான். 1871-ல் சென்னை ராஜதானி சென்சஸ் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற டாக்டர், சுகாதார கமிஷனர். பஞ்சம் வந்தபோது, வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று மேலிடத்திலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் உத்தரவு போட்டார். அதற்கு ஒரு ஆள் உயிர் வாழ முடியாது என்று எழுத்தில் சண்டை போட்டவர் இதே கார்னிஷ்தான். தலை எண்ணியவருக்குத்தான் தலை குறைவதன் வலி தெரிந்திருக்கிறது.

அந்த அறிக்கையில் என் முன்னோர் யார் பெயரும் இல்லை. ஆனால் 1881-ல் எண்ணப்பட்ட 16 லட்சத்து 57 ஆயிரத்துக்குள் எங்கோ ஒரு தலை எங்கள் வீட்டுத் தலை. அந்தத் தலை பிழைத்ததால்தான் நான் இந்தப் பத்தி எழுதுகிறேன், நீங்கள் டீ குடித்துக்கொண்டே படிக்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தலையும் ஏதோ ஒரு ஜில்லாவில் அப்படித் தப்பித்ததுதான்.

*

வம்சம் தேடுவது வேலைவெட்டி இல்லாதவன் பொழுதுபோக்கு என்று நினைத்தால் அஸ்ஸாம்காரர்களைக் கேளுங்கள்.

1951 சென்சஸ் முடிந்த கையோடு, அந்தத் தாள்களைப் பார்த்து ஊருக்கு ஊர் குடிமக்கள் பதிவேடு எழுதினார்கள். பெயரோடு எழுதியது. அஸ்ஸாமில் அதற்குப் பின்னால் மறுஜென்மம் வந்தது. 1951 பதிவேட்டிலோ, 1971 மார்ச் 24 நள்ளிரவு வரைக்குமான பழைய ஆவணங்களிலோ உங்கள் அப்பாவோ தாத்தாவோ இருக்கவேண்டும், அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று வம்ச மரம் போட்டுக் காட்டவேண்டும் என்றார்கள். மூன்றேகால் கோடிப் பேருக்கு மேல் விண்ணப்பித்து, 2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதி இறுதிப் பட்டியல் வந்தபோது 19 லட்சம் பேர் வெளியே நின்றார்கள். தாத்தா பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்றாலும் தலைவலிதான். கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள் பாடு இன்னும் மோசம். அப்பா ஊரில் இருந்ததற்கு அவர்களிடம் என்ன காகிதம் இருக்கும்?

நம்ம ஊரிலும் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று படிவம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே, இல்லாவிட்டால் அப்பா அம்மா பெயர் எங்கே என்று கேட்டார்கள். தமிழ்நாடே ஒரு மாதம் வம்சம் தேடியது. "அப்ப நாம எந்த வார்டுல குடியிருந்தோம்?" என்று புருஷன் கேட்க, "அந்த ஒழுகற வீட்டுல" என்று பெண்டாட்டி சொல்ல, அதை வைத்து பூத் நம்பர் கண்டுபிடித்த குடும்பம் எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கே இந்தப் பாடு!

எங்கள் குடும்பத்துக்கு இன்னொரு விசேஷம். என் அப்பாரு (அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) பிறந்தது கோயமுத்தூர் ஜில்லா. 1979-ல் பிரித்ததும் அப்பா பெரியார் மாவட்டக்காரர் ஆனார். அது அப்புறம் ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-ல் இருந்து நாங்கள் திருப்பூர் மாவட்டம். இத்தனைக்கும் எங்கள் திண்ணை ஓர் அங்குலம் நகரவில்லை. பழைய காகிதம் வேண்டுமென்றால் எந்த ஊர் பஸ் ஏறுவது என்று முடிவு செய்யவே ஒரு நாள் கேஷுவல் லீவ் போய்விடுகிறது.

*

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஊரிலேயே இருந்து மண்ணைக் கிண்டியவன் பெயர் எழுதிய தாள் இல்லை. கப்பல் ஏறிக் கூலியாகப் போனவனுக்கு இருக்கிறது!

சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சம் பேர். பிஜித் தீவுக்கு அறுபதாயிரம் பேர். சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் போக ஆரம்பித்தது 1903-ல். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சீட்டு: பெயர், அப்பா பெயர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் என்ன தழும்பு. ஆள் ஓடிப்போனால் பிடிக்கவேண்டுமே! முதலாளி தன் வசதிக்கு எழுதியது, இன்றைக்கு அவர்கள் பேரன் பேத்திகளுக்கு ஜாதகம் ஆகிவிட்டது. அந்தச் சீட்டின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழ் தெரியாத ஒரு தென்னாப்பிரிக்கக்காரர் கிராமத்து டீக்கடையில் வந்து நிற்பார். கொள்ளுத்தாத்தாவின் இடது கன்னத்தில் மச்சம் என்பது அவருக்குத் தெரியும். ஊரிலேயே இருக்கிற நமக்குத் தாத்தாவின் அம்மா பெயர் தெரியாது.

*

சென்சஸ் கைவிட்டதும் மாப்பிள்ளையிடம், "காகிதத்த வுடு. ஆளுககிட்டக் கேப்போம்" என்றேன். வீட்டில் மூத்தவர் என் அத்தை. வீடியோ காலில் அவனையும் சேர்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"அம்மாயி, நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?"

"நானு தாது வருசம் ஐப்பசில பொறந்தவ கண்ணு."

அந்தப் பக்கம் படபடவென்று தட்டும் சத்தம். "மாமா! தாது வருசம்னா 1876-ன்னு போட்டிருக்குதுங்க. அம்மாயிக்கு நூத்தம்பது வயசா? கின்னஸ்காரங்களுக்குச் சொல்லீரலாமுங்களா?"

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை அவனுக்கு விளக்கினேன். பஞ்சம் வந்தது 1876 தாது. அத்தை பிறந்தது 1936 தாது. 1996-லும் ஒரு தாது வந்து போயிற்று. வம்சம் தேடுகிறவர்களுக்கு இது முதல் பாடம்: தமிழ் வருஷப் பெயர் சொன்னால், எந்தச் சுற்று என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

"அத்தை, உங்க அப்பத்தா பேரு என்னங்க?"

"மூலனூர்க்காரி."

"அது ஊருங்க. பேரு?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவாங்க. மூலனூர்ல பொறந்து இங்க வாக்கப்பட்டு வந்தவிய. எங்களுக்கு அப்பத்தா, ஊருக்கு மூலனூர்க்காரி. பேரு வச்சுக் கூப்பிட்டு நாங் கேட்டதே இல்ல சாமி."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். குண்டடத்துக்காரி, அலங்கியத்துக்காரி என்று பிறந்த ஊர்ப் பெயரே வாக்கப்பட்ட ஊரில் பெயராகிவிடும். ஒரு வகையில் அது துப்பறிவதற்கு நல்லதுதான், பிறந்த ஊர் சுலபமாகத் தெரிந்துவிடுகிறது. ஆனால் பெயர் போச்சு.

பெயர் கடைசியில் கிடைத்தது ஒரு பாகப் பிரிவினைப் பத்திரத்தில். 1927-ல் என் அப்பாருவும் அவருடைய அண்ணனும் சொத்துப் பிரித்துக்கொண்ட பத்திரம். அது பெரியவர் வழிப் பங்காளி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. போய்க் கேட்டேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி இப்பப் பழைய பத்திரம்? கெணத்துப் பங்கு எதாச்சும் கேக்கோணும்னு ரோசனையா?"

"இல்லீங்கண்ணா. கொள்ளுப்பாட்டி பேரு பாக்கோணும்."

"பேரப் பாத்து என்ன பண்ணுவ?"

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஒரு டம்ளர் மோரும் அரை மணி நேர விசாரணையும் முடிந்த பிறகு, அவர் முன்னாலேயே படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது என்ற நிபந்தனையில் பெட்டி திறந்தது.

பத்திரம் என்பது என்ன அருமையான சமாசாரம் தெரியுமா! ஒவ்வொருத்தர் பெயருக்கும் முன்னால் இன்னார் குமாரர் என்று அப்பா பெயர் வந்தே தீரும். ஒரு பத்திரம் கிடைத்தால் இரண்டு தலைமுறை நிச்சயம். நாலு எல்லையைச் சொல்லும்போது இட்டேரிக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். கடைசிப் பக்கத்தில், கணவரை இழந்த தாயாருக்கு ஜீவனாம்சம்: வருஷத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, இரண்டு சேலை, இருக்கிற வரைக்கும் தெற்குப் பார்த்த திண்ணை அறை. இதையெல்லாம் யாருக்கு என்று எழுதவேண்டுமே? அதற்காக அவர் பெயர். பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை.

சென்சஸில் கிடைக்காத பெயர், கம்புக் கணக்கில் கிடைத்தது. நல்ல வேளை, பிள்ளைகள் சொத்துப் பிரித்தார்கள்!

அத்தையிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற சாதாரணப் பெயர்தான். "எனக்குக் கம்மஞ்சோறு ஊட்டுனதே அவியதான். மடியில போட்டுத் தூங்க வெப்பாங்க. பேரு தெரியாமயே இத்தன வருசம் இருந்துட்டம் பாரு" என்றவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அமெரிக்காவிலிருந்தும் சத்தம் இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

*

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நீங்களும் கிளம்பினால் ஒரு எச்சரிக்கை. வம்சம் தேடுகிற எல்லாருக்கும் ஏழாவது தலைமுறையில் ஒரு ராஜா வேண்டும். படைத் தளபதியாவது வேண்டும். கணக்குப் போடுங்கள்: அப்பா அம்மா 2, தாத்தா பாட்டிகள் 4, அடுத்து 8, 16... பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். முப்பதாவது தலைமுறையில் நூறு கோடியைத் தாண்டுகிறது. அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. அப்படியென்றால் ஒரே ஆள் பல தடவை வருகிறார் என்று அர்த்தம். நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். அத்தை மகளைக் கட்டியவர் பிள்ளைக்கு எட்டுக்குப் பதில் ஆறே கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள். அக்கா மகளைக் கட்டியவர் பிள்ளைக்கு, அப்பாவின் அம்மா பாட்டியாகவும் கொள்ளுப்பாட்டியாகவும் ஒருத்தரே டபுள் ரோல்! கூட்டத்தில் ஒரு ராஜா இருந்தாலும் இருப்பார். அவருக்குப் பல்லக்குத் தூக்கியவரும், அவர் வீட்டில் திருடியவரும் சேர்ந்தேதான் வருவார்கள். ஒருத்தரை மட்டும் பொறுக்கி எடுத்து போஸ்டர் அடிக்க முடியாது.

ராஜாவைத் தேடாமல் ஆளைத் தேடுவதாக இருந்தால் வழி சொல்கிறேன். வீட்டுப் பத்திரங்கள். சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று, அதை வைத்துப் பழைய பத்திர நகல். கல்யாண மொய் நோட்டு. இதைக் கேலியாக நினைக்காதீர்கள், பெயர், ஊர், தொகை என்று உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் வரிசையாக எழுதிய சென்சஸ் வேறு எங்கே கிடைக்கும்? அதோடு, 1951-லிருந்து வருகிற மாவட்ட சென்சஸ் கையேடு. ஆள் பெயர் இருக்காது, ஆனால் உங்கள் கிராமத்தில் எத்தனை பேர், எத்தனை வீடு என்று ஊர்வாரியாக இருக்கும்.

இதெல்லாம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். காத்திருக்காதது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் இருக்கிற பெரியவர்கள். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆல்பத்தைப் புரட்டி, போட்டோவுக்குப் பின்னால் பென்சிலால் யார் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். (பேனா வேண்டாம், மை இறங்கிவிடும்.) முதலில் பாட்டிமார் பெயர்களைக் கேளுங்கள், தாத்தாக்கள் எப்படியும் பத்திரத்தில் இருப்பார்கள்.

2021-ல் நடக்கவேண்டிய சென்சஸ் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் கணக்காக வைத்து நடக்கும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. 1931-க்குப் பிறகு முழுசாக வெளிவராத ஜாதிக் கணக்கும் இதில் உண்டு. கணக்கெடுப்பவர் வந்து வீட்டில் யார் யார் என்று கேட்பார். நாம் சொல்கிற பெயரை நம் கொள்ளுப்பேரன் படிக்கப்போவதில்லை, சட்டம் விடாது. அதற்காக, "சம்சாரம், ரெண்டு கொழந்தைங்க" என்று சுருக்கிவிடாதீர்கள். வாசலில் நின்று மனைவி பெயரை முழுசாக, சத்தமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடாவது ஒழுங்காகக் கிடைக்கும்.